மீண்டோர் பட்டியல்

குளிர்கடலின் கரையில் நீள்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு மன்னர் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தங்களை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அதனால் எது நடந்தாலும் யாரையும் குறைசொல்ல முடியாமல் இருந்தது.

ஆண்டில் எட்டு மாதம் அங்கே மழையும் காற்றும்தான். துறைமுகத்தில் பாரம் இறக்குபவர்களும் மீன் பதப்படுத்தும் பெண்களும் வேலைக்கு நடுவே சிகரெட் பற்றவைத்துக்கொள்வார்கள். மற்றவர்களும் அப்படித்தான். நூற்றுக்கு இருபத்துநான்கு பேர் புகைப்பதாக அரசின் மூச்சுத்துறை சொன்னது. அந்தத் துறையின் ஊழியர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த எண்ணிக்கை அது. நுரையீரல் கெட்டு இறந்தவர்களின் எண்ணிக்கையும் துறையிடம் இருந்தது. அதையும் யாரும் மறுக்கவில்லை.

அப்படி வீடு வீடாகப் போனவர்களில் ஒருத்தி மரகதம். பதினெட்டு ஆண்டுகளாகத் துறைமுகப் பகுதியின் நானூறு வீடுகள் அவளுடைய பொறுப்பு. படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது: “இவ்வீட்டில் புகைப்பவர் எத்தனை பேர்?” மரகதம் தன் வீட்டுப் படிவத்தையும் தானே நிரப்புவாள். ஒருவர் என்று எழுதுவாள். அந்த ஒருவர் அவள் கணவர் சடையப்பன். பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவர். காலையில் அவர் இருமும் சத்தம் மாடிவீட்டுக்குக் கேட்கும்.

ஒரு தேர்தலில் பரஞ்சோதியார் என்பவர், ஐந்தே ஆண்டுகளில் நீள்கரையைப் புகையற்ற நாடாக்குவேன் என்று சொல்லி வென்றார். தலைமை அமைச்சராகி, மூச்சுத்துறையையும் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைவாகப் புகைத்தால் அது புகையற்ற நாடு என்று முதலில் ஓர் இலக்கணம் வகுத்தார். பிறகு சட்டங்கள் வரத் தொடங்கின.

முதல் சட்டம், விடுதி, தெரு, பூங்கா, துறைமுகம் எங்கும் புகைக்கக் கூடாது என்றது. புகைக்க விரும்புபவர்களுக்காக ஊருக்கு வடக்கே, கடலை நோக்கி நிற்கும் பாறை உச்சியில் ஒரு மேடை கட்டப்பட்டது. காற்றுமேடு என்று அதற்குப் பெயர். அதற்குக் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. சுவர் வைத்தால் புகைப்பவர்களுக்கு வசதி செய்துகொடுத்ததாக ஆகிவிடும் என்று துறை விளக்கம் தந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஈரப்பாறையில் பதினொரு பேர் வழுக்கி விழுந்தார்கள். சடையப்பனோடு வேலை பார்த்த முதியவர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்ததால் அவர் புகைக்கவில்லை. வசந்தத்தில் மரகதம் போய்க் கேட்டபோது உண்மையாகவே “இல்லம்மா” என்றார். எண்ணிக்கை பத்தொன்பதாகக் குறைந்திருந்தது. அமைச்சர் பேரவையில் அதைப் படித்தபோது உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அந்த ஆண்டுதான் ஆவிக்குழல் வந்தது. பேனா அளவில் ஒரு குழல், உள்ளே சிறு மின்கலம், சில துளி நீர்மம். உறிஞ்சினால் வெண்ணிற ஆவி வரும். சிகரெட்டில் மனிதனைப் பிடித்துவைத்திருக்கும் அதே சத்து அதிலும் இருந்தது. தீயும் நுரையீரலில் படியும் தாரும் மட்டும் இல்லை. ஊரில் புகைப்பழக்கத்தை விட விரும்புபவர்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை இருந்தது. விடுவிப்பு மனை என்பார்கள். அதை நடத்திய மருத்துவர் ஆதிரை, சடையப்பனுக்கு ஓர் ஆவிக்குழலைக் கொடுத்தாள்.

“இது மருந்து இல்லண்ணே. கைத்தடி மாதிரி வச்சுக்கோங்க. சிகரெட்ட விட்டதுக்கப்புறம் இதையும் கொஞ்சம் கொஞ்சமா விடணும். மாசாமாசம் வாங்க” என்றாள்.

ஆறு மாதத்தில் சடையப்பன் சிகரெட்டை விட்டார். காலை இருமல் நின்றது. மரகதம் தன் வீட்டுப் படிவத்தில் முதன்முறையாகச் சுழியம் எழுதினாள். எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது அமைச்சருக்குத் தெரியவந்தது. அவர் ஆதிரையின் “கொஞ்சம் கொஞ்சமாக” என்ற பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். இரண்டாவது சட்டம், தீயிலிருந்து வருவது மட்டுமே புகை, ஆவி புகை ஆகாது என்றது. புகை அல்லாததைக் கட்டுப்படுத்தத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று அடுத்த வரியில் இருந்தது. ஒரு மாதத்துக்குள் ரொட்டிக்கடையிலும் பள்ளி வாசலிலும் ஆவிக்குழல் விற்கத் தொடங்கியது. ஆப்பிள் மணம், வெண்ணிலா மணம், செர்ரி மணம். குழல்கள் சாக்லேட் உறைபோலப் பளபளத்தன. எண்ணிக்கை பதினொன்றாக விழுந்தது.

மரகதத்துக்கும் சடையப்பனுக்கும் ஒரே மகள் நித்திலா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளியின் படகுப் போட்டி அணியில் முன்வரிசையில் துடுப்பு போடுபவள். தோள்கள் அகன்ற, அதிகம் பேசாத பெண். அவள் அறைக்குள் எப்போதும் செர்ரி வாசனை அடிப்பதை மரகதம் ஏதோ சோப்பு என்று நினைத்தாள். ஒருநாள் துணி மடித்தபோது காலுறைக்குள்ளிருந்து மூன்று குழல்கள் விழுந்தன.

“எத்தன நாளா?”

“எல்லாரும்தாம்மா வச்சிருக்காங்க.”

“எத்தன நாளான்னு கேட்டேன்.”

“போன வருஷத்துலேர்ந்து. அப்பாவும்தானே இழுக்கறாரு.”

“உங்கப்பா முப்பது வருஷம் சிகரெட் குடிச்சவருடி. நீ என்னத்த விடறதுக்காக இத இழுக்கற?”

குழல்களை மரகதம் குப்பையில் போட்டாள். இரண்டு நாள் கழித்து நித்திலா எரிச்சலும் கைநடுக்கமுமாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மூன்றாம் நாள் அவளிடம் வேறொரு குழல் இருந்தது.

மரகதம் அலுவலகத்துக்குப் போனாள். நித்திலாவின் வகுப்பில் இருபது பேரில் பதினான்கு பேர் ஆவி இழுக்கிறார்கள், அதில் ஒருவர்கூட முன்பு புகைத்ததில்லை என்று எழுதி எடுத்துப் போயிருந்தாள். பிரிவு இயக்குநர் அதைக் கவனமாகப் படித்தார்.

“அம்மையீர், இந்தப் பதினான்கு பேரும் புகைக்கிறார்களா?”

“இல்லங்க ஐயா. ஆவி இழுக்கறாங்க.”

“புகைக்கவில்லை. நல்ல செய்திதானே?”

“பள்ளிக்கூடப் பிள்ளைங்கய்யா. அது இல்லாம அரை மணி நேரம் உக்கார முடியல அதுங்களால.”

“உங்கள் கவலை நியாயமானது. ஆனால் படிவத்தில் அதற்கான கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்றைத் துறை எப்படி அறியும்?” என்று அவர் வருத்தத்தோடு சொல்லி, தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் மரகதம் மட்டும் அல்ல, எல்லாத் தெருவிலும் பெற்றோர்கள் குழல்களைக் கண்டெடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாசல்களில் கூட்டம் கூடியது. பேரவையின் படிகளில் தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள்தான் இருந்தன. அமைச்சர் அவர்கள் நடுவே வந்து, “உங்கள் கண்ணீர் என் கண்ணீர்” என்றார். மூன்றாவது சட்டம் வந்தது.

ஆவிக்குழல் என்பது புகைப்பவர்கள் புகையை விடுவதற்கான கருவி, எனவே பதினாறு வயது நிறைந்த புகைப்பவர்களுக்கு மட்டுமே அது விற்கப்படும் என்றது அந்தச் சட்டம். புகைப்பவர் என்பதற்கு மூச்சுத்துறை ஓர் அட்டை தரும். அட்டை பெற, அதிகாரியின் முன்னிலையில் ஒரு சிகரெட்டை இருமாமல் முழுதும் புகைத்துக் காட்ட வேண்டும். பொய்யர்கள் அட்டை பெற்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. விடுவிப்பு மனையில் முன்பே பதிந்திருந்த சடையப்பன் போன்றவர்களுக்கு மட்டும் அட்டை தேவைப்படவில்லை. தாய்மார்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மரகதமும் நிம்மதியாகத்தான் இருந்தாள். நித்திலாவிடமிருந்த கடைசிக் குழல் தீர்ந்தால் பத்து நாள் படுத்துவாள், பிறகு சரியாகிவிடுவாள் என்று சடையப்பனிடம் சொன்னாள். விடுவிப்பு மனைக்கும் அழைத்துப் போனாள். ஆதிரை கை விரித்தாள்.

“புகைக்காதவங்களுக்கு இங்க வைத்தியம் பண்ண எனக்கு அனுமதி இல்லக்கா. கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரல.”

அதன்பின் நித்திலா படகுப் பயிற்சி முடிந்து தாமதமாக வரத் தொடங்கினாள். காற்றுமேட்டில் அவள் வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பதைப் பார்த்ததாகச் சடையப்பன்தான் வந்து சொன்னார். அதைச் சொன்னபோது அவர் உட்காரவில்லை.

“பழகறாங்க மரகதம். பரீட்சைக்குப் படிக்கற மாதிரி பழகறாங்க. நம்ம பொண்ணும் உக்காந்திருக்கா. ஏம்மான்னு கேட்டேன். ரெண்டு தடவ இருமிட்டேன், மூணாவது தடவ பாஸ் பண்ணிடுவேன்ப்பாங்கறா.”

மூன்றாவது தடவை நித்திலா தேறினாள். அட்டையில் அவள் படம் இருந்தது. பெயருக்குக் கீழே “புகைப்பவர்” என்று அச்சிட்டிருந்தது. அவளுக்குப் பதினாறு வயது ஆகி ஒரு மாதம்.

அந்த வசந்தத்தில் மரகதம் தன் வீட்டுப் படிவத்தில் மறுபடியும் ஒருவர் என்று எழுத வேண்டியிருந்தது. நாடு முழுவதும் அப்படித்தான் எழுதினார்கள். எண்ணிக்கை பதினேழுக்கு ஏறிவிட்டது. பரஞ்சோதியார் மூன்று நாள் யாரையும் பார்க்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் மூச்சுத்துறை ஊழியர்கள் அனைவரையும் அழைத்து அவர் பேசினார். மரகதமும் பின்வரிசையில் நின்றிருந்தாள்.

“நண்பர்களே, எண்ணிக்கையில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. ஆவிக்குழல் எதற்கு? புகையை விட. அட்டை எதற்கு? ஆவிக்குழல் பெற. ஆகவே அட்டை பெற்றவர், பெற்ற அந்தக் கணமே புகையிலிருந்து மீண்டவர் ஆகிறார். மீண்டவரைப் புகைப்பவர் என்று நாம் எழுதியது அவர்களுடைய முயற்சிக்கு நாம் செய்த அவமரியாதை.”

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்: “ஐயா, அட்டை வாங்கினவங்க நெறைய பேர் இன்னும் சிகரெட்டும் குடிக்கறாங்களே?”

“அவர்கள் மீண்டவர்கள். சில வேளைகளில் புகைக்கும் மீண்டவர்கள்” என்றார் அமைச்சர்.

படிவங்கள் திரும்பக் கொடுக்கப்பட்டன. புதிதாக ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருந்தது: மீண்டோர். மரகதம் நானூறு வீட்டுப் படிவங்களையும் மேசையில் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். தன் வீட்டுப் படிவம் வந்தபோது பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து எழுதினாள். அதற்காக அவள் பின்னாளில் தன்னை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று எழுதத்தான் செய்தாள்.

எண்ணிக்கை நான்கு ஆனது. நீள்கரை புகையற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. துறைமுகத்தில் வாத்தியங்கள் முழங்கின. இதுவரை புகையிலிருந்து மீண்டவர்களின் தொகை, நாட்டில் எந்தக் காலத்திலும் புகைத்தவர்களின் தொகையைவிட அதிகம் என்று அமைச்சர் மேடையில் பெருமையோடு சொன்னார். கூட்டம் ஆரவாரித்தது. பரஞ்சோதியார் மறுபடியும் வென்றார். புகைப்பவர்கள் இல்லாத நாட்டில் தேவையில்லை என்று விடுவிப்பு மனை மூடப்பட்டது. அதன் கதவில், “பணி வெற்றியுடன் நிறைவுற்றது” என்று ஓர் அறிவிப்பு தொங்கியது.

நித்திலா அப்போது இரண்டையும் விட முடியாதவளாக இருந்தாள். வகுப்பில் ஆவி, காற்றுமேட்டில் சிகரெட். கோடையில் படகுப் போட்டி நடந்தது. முதல் பாதிவரை அவளுடைய படகு முன்னால் போனது. பிறகு முன்வரிசைத் துடுப்பு தப்பத் தொடங்கியது. அவள் வாயைத் திறந்து காற்றைத் தேடுவது கரையிலிருந்தே மரகதத்துக்குத் தெரிந்தது. படகு கடைசியாக வந்தது. இறங்கும்போது நித்திலா மண்டியிட்டு இருமினாள். நிறுத்த முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

பெரிய மருத்துவமனையில் அவளை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். மருத்துவர் நோயின் காரணம் என்ற இடத்தில் புகை என்று எழுதினார். பதிவு எழுத்தர் அதைத் திருப்பி அனுப்பினார். நோயாளி மீண்டோர் பட்டியலில் இருப்பதால் அந்தக் காரணம் பொருந்தாது என்று குறிப்பு இருந்தது. மருத்துவர் அதை அடித்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்த மாலை நித்திலா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, எனக்கு விடணும். ரெண்டையும். என்னால தனியா முடியலம்மா.”

மரகதம் ஆதிரையைத் தேடினாள். மீன்சந்தைக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட ஒரு சிறு வீட்டில் அவள் இருந்தாள். வேலை போனபிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்கூறு பாடம் சொல்லிக்கொடுத்து வந்தாள். நித்திலாவைப் பார்த்ததும் எதுவும் விசாரிக்காமல் உள்ளே கூட்டிப் போனாள்.

“அஞ்சு மாசம் ஆகும். நடுவுல ரெண்டு மூணு தடவ தோத்துப்போவ. தோத்த அன்னிக்கும் இங்க வரணும். ஒளிஞ்சுக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது.”

நித்திலா நான்கு தடவை தோற்றாள். நான்கு தடவையும் பச்சைக் கதவைத் தட்டினாள். முதலில் சிகரெட் போனது. பிறகு ஆவியின் அளவு குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சடையப்பனும் தன் குழலைக் குறைக்கத் தொடங்கினார். “நீ விட்டுட்டு நான் இழுத்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாருக்காதும்மா” என்றார். பனி உருகிய வாரத்தில் நித்திலா ஒரு நாள் முழுதும் சிகரெட்டையோ ஆவியையோ நினைக்காமல் கழித்ததாக வந்து சொன்னாள். ஆதிரை திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அட்டை இனி எதற்கு என்று நித்திலா அதைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். மரகதமும் கூடப் போனாள். மூச்சுத்துறையின் சாளரத்தில் இருந்த எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் திருப்பித் தருகிறீர்கள்?”

“நான் விட்டுட்டேங்க. சிகரெட்டும் இல்ல, ஆவியும் இல்ல.”

“அட்டையை ஒப்படைத்தால் மீண்டோர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீங்கிவிடும்.”

“நீங்கட்டும்.”

“உங்களுக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் புகைத்ததற்குத் துறையிடம் சான்று இருக்கிறது. மீண்டதற்கு இந்த அட்டைதான் சான்று. அட்டை இல்லாதவர் மீண்டவர் அல்லர். மீளாதவர் புகைப்பவர்.”

“ஐயா, இவ மூணு மாசமா ஒண்ணும் தொடல. நான் இந்தத் துறையிலதான் வேலை பாக்கறேன். நான் எழுதித் தரேன்” என்றாள் மரகதம்.

“எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?” என்று எழுத்தர் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினார்.

நித்திலா அம்மாவின் கையை அழுத்தினாள். “புகைக்கறவன்னே போட்டுக்கோங்க” என்று அட்டையை உள்ளே தள்ளினாள்.

செய்தி பரவியது. பச்சைக் கதவு வீட்டுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். வேறு ஊர்களிலும் வேலையிழந்த மருத்துவர்கள் தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். விட்டவர்கள் எல்லோரும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் சாளரத்துக்குள் போயின. சின்ன நாடு அது. புகைப்பவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது.

பரஞ்சோதியார் பேரவையில் தழுதழுத்த குரலில் பேசினார். “நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் புகைக்குத் திரும்புகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு ஓர் அரசு சும்மா இருக்க முடியாது.” நான்காவது சட்டம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அட்டையைத் திருப்பிக் கொடுப்பது இனிக் குற்றம். மாதம் ஒரு குழலாவது வாங்காதவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தவராகக் கருதப்படுவார்.

அடுத்த வசந்தத்தில் மரகதம் வழக்கம்போல நானூறு வீடுகளுக்கும் போனாள். பல வீடுகளில் பிள்ளைகள் குழலை வாங்கி, நீர்மத்தைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சில வீடுகளில், வாங்கியதை எதற்கு ஊற்றுவது என்று மறுபடியும் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு வகையினரையும் அவள் ஒரே கட்டத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து, படிவத்தை மூடிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, படிவத்தில் இல்லாத ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் மெல்லச் சொன்னாள்.

“விடணும்னு தோணினா மீன்சந்தைக்குப் பின்னாடி போங்க. பச்சைக் கதவு.”

அந்தக் கோடையில் தொலைதூரத்து நாடு ஒன்றிலிருந்து ஓர் அதிகாரிகள் குழு நீள்கரைக்கு வந்தது. புகையை ஒழித்த முறையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். துறையிலேயே அனுபவமுள்ள ஊழியர் என்று மரகதத்தைத்தான் படிவத்தை விளக்க அனுப்பினார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. காற்றுமேடு, அட்டை, மீண்டோர் கட்டம், தன் மகள், பச்சைக் கதவு எல்லாவற்றையும் சொன்னாள். குழுத் தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முடிந்ததும் வெற்றுப் படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தார்.

“மிக்க நன்றி அம்மா. நாங்கள் இவ்வளவு காலம் தவறான முனையிலிருந்து தொடங்கிவிட்டோம். இதில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் எங்கள் நாட்டுக்கு அப்படியே பொருந்தும்.”

“உங்க நாட்டுலயும் நெறைய பேரு புகைக்கறாங்களா?” என்று மரகதம் கேட்டாள்.

“இல்லை, எங்களுக்கு அது ஒரு பெரிய சிக்கல் இல்லை” என்றார் அவர். “எங்களுக்குப் பசி.”